அம்மாவின் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன்

கேள்வி:

அன்புள்ள மேடம், வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படித்தேன். வகுப்பில் மொத்தமே 14 பேர். எப்போதும் நான்தான் முதல். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்விலும் தேர்ச்சி பெற்றேன். எங்கள் பள்ளியில் நான் ஒருத்திதான் தேர்ச்சி. ஜூன் மாதத்திலிருந்து டவுனில் இருக்கும் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிக்குப் பஸ்ஸில் போகிறேன். எங்கள் பிரிவில் 62 பேர். காலாண்டுத் தேர்வில் கணக்கில் 31 மதிப்பெண் வாங்கினேன். டீச்சர் எல்லார் மதிப்பெண்ணையும் வரிசையாக வாசித்துத் தாளைக் கொடுத்தார். ரேங்க் கார்டில் அம்மாவின் கையெழுத்தை நானே போட்டுக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான். கொரோனா நேரத்தில் பள்ளி மூடியிருந்தபோது கற்றுக்கொடுத்தேன். அதுவரை அம்மா கைநாட்டுதான் வைப்பார். இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஆங்கில வகுப்பில் வாசிக்கச் சொன்னபோது, தீவுக்கான சொல்லை 'ஐஸ்லாண்ட்' என்று வாசித்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படிக்கும் தோழியும் சிரித்தாள். இப்போது அதுவே என் பட்டப்பெயர். தோழி வேறு பெண்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நான் வகுப்பில் வாய் திறப்பதே இல்லை. இரவு 12 மணி வரை ஒவ்வொரு பாடத்தையும் ஐந்து முறை படிக்கிறேன். காலையில் 5 மணிக்கு எழுந்து, வீட்டு வேலை முடித்து, சாப்பிடாமல் 7.10 பஸ்ஸைப் பிடிக்கிறேன். இரண்டாவது பீரியடில் தலை சுற்றுகிறது. தேர்வில் படித்ததெல்லாம் மறந்துவிடுகிறது. பழைய பள்ளி வழியாகப் போனால் சார் மதிப்பெண் கேட்பார் என்று சுற்றிக்கொண்டு போகிறேன். அப்பா திருப்பூரில் வேலை பார்க்கிறார். என் உதவித்தொகை நின்றுவிடுமா? நான் மக்காகிவிட்டேனா? படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் கற்றுக்கொள்ளலாமா? எங்கேயாவது போய்விடலாம் போல இருக்கிறது. கணக்கு விடைத்தாளை நகல் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பெயர், ஊர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

"எங்கேயாவது போய்விடலாம் போல இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். மற்றதையெல்லாம் பேசுவதற்கு முன் இதைக் கேட்டுவிடுகிறேன். இந்தப் பள்ளி வேண்டாம் என்ற அலுப்பில் எழுதினாயா? வீட்டை விட்டுப் போகும் எண்ணமா? உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறதா? நீ என் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் இப்படி நேராகத்தான் கேட்டிருப்பேன். முதலாவது என்றால் மேலே படி. மற்ற இரண்டில் ஒன்று என்றால், இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு இன்றே அம்மாவிடம் சொல். வாய் வரவில்லை என்றால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடு. அது அரசின் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கான 1098-உம் அப்படித்தான். அழுதுகொண்டே பேசினாலும் பொறுமையாகக் கேட்பார்கள்.

இனி விடைத்தாள். ஆலோசகர் ஆவதற்கு முன் 16 ஆண்டுகள் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு நடத்தியவள் நான். உன் கடிதத்தைப் பார்த்த நேரத்தைவிட அந்தத் தாளைப் பார்த்த நேரம் அதிகம். வட்டம் போட்ட 31-ஐ ஒரு காகிதத்தால் மறைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வந்தேன். கணமொழியில் உன் வென்படங்கள் எல்லாமே சரி. வெட்டு, சேர்ப்பு, நிரப்பி எதிலும் தடுமாற்றம் இல்லை. மெய்யெண்களில் பாதி சரி. இயற்கணிதத்துக்கு வந்ததும் சறுக்குகிறாய். எங்கே சறுக்குகிறாய் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போய், கடைசியில் கூட்டிப் பார்த்தேன். போன மதிப்பெண் 69. அதில் 19 மதிப்பெண் ஒரே ஒரு தவறால் போயிருக்கிறது. 38 மதிப்பெண்ணுக்கான கேள்விகளை நீ எழுதவே இல்லை. மீதி 12 அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியது.

அந்த ஒரே தவறு என்ன தெரியுமா? அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் இருக்கும்போது, உள்ளே இருக்கும் முதல் உறுப்புக்கு மட்டும் குறியை மாற்றுகிறாய். இரண்டாவதை அப்படியே விட்டுவிடுகிறாய். பல்லுறுப்புக்கோவை வகுத்தலில் கழிக்கும் இடத்திலும் இதேதான். வழிமுறை சரி, வாய்ப்பாடு சரி, இந்த ஒரு வரியில் கணக்கு கவிழ்ந்துவிடுகிறது. எழுத்துகளை விட்டுவிட்டு வெறும் எண்களில் பார். கையில் 20 ரூபாய் வைத்திருக்கிறாய். ஒரு நோட்டு 12 ரூபாய். கடைக்காரர் 5 ரூபாய் குறைத்துத் தருகிறார். கணக்காக எழுதினால் 20 − (12 − 5). நீ கொடுப்பது 7 ரூபாய், கையில் மிஞ்சுவது 13. நீ தேர்வில் செய்திருப்பதுபோல் செய்தால் 20 − 12 − 5 என்று ஆகி 3 ரூபாய்தான் மிஞ்சும். கடைக்காரர் குறைத்துக்கொடுத்த 5 ரூபாய் உன் பக்கம் வரவேண்டிய காசு. நீ அதையும் அவரிடமே கொடுத்துவிட்டு வருகிறாய். அதனால்தான் உள்ளே இருக்கும் மைனஸ் 5 வெளியே வரும்போது பிளஸ் 5 ஆகிறது. அடுத்த முறை அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது அந்த 5 ரூபாய் யார் கையில் இருக்கிறது என்று ஒரு கணம் நின்று பார்.

இந்தத் தவறின் வேர் ஒன்பதாம் வகுப்பில் இல்லை. ஆறாம், ஏழாம் வகுப்பில் முழுக்கள் படித்தபோது அரைகுறையாக நின்றுபோன ஒன்று இது. நீ நான்காம் வகுப்பில் இருந்த 2020–21 முழுவதும் உன் பள்ளி பூட்டிக் கிடந்தது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அப்போது நீ ஐந்தில் பாதியைக் கடந்துகொண்டிருந்தாய். பின்னத்தையும் வகுத்தலையும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டிய ஆண்டு அப்படியே போய்விட்டது. அடுத்தடுத்த வகுப்புகளில் ஆசிரியர்கள் ஒரு கையால் பழைய பாடத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் புதியதை நடத்தியதை நான் பல பள்ளிகளில் பார்த்தேன். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் இடைவெளி இருப்பது யார் கண்ணிலும் படவில்லை. முதல் மாணவியிடம் இடைவெளி இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்? ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம் அந்த ஓட்டையின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தெருவில் யாரிடமாவது வாங்கி, முழுக்கள் பாடத்தை முதலிலிருந்து போடு. பத்து நாள் வேலை. ஒன்பதாவது படிப்பவள் ஏழாவது புத்தகத்தை எடுப்பதா என்று கூச்சப்பட வேண்டாம். இதே பாடத்தைப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நான் நடத்தியிருக்கிறேன்.

என்னை உண்மையில் வருத்தியது அந்த 38. நான்காம் பக்கத்தில் ஒரு காரணிப்படுத்தும் கணக்கை இரண்டு வரி எழுதிவிட்டுக் குறுக்கே அடித்திருக்கிறாய். நகலில் மங்கலாகத்தான் தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்து அடித்தலுக்குக் கீழே இருந்ததை வாசித்தேன். சரியான வழி. இன்னும் இரண்டு வரி போயிருந்தால் விடை வந்திருக்கும். தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் அடித்துவிட்டு, அடுத்த மூன்று கேள்விகளையும் தொடாமலே விட்டிருக்கிறாய்.

நீ மக்காகிவிட்டாயா என்று கேட்டாய். தலா 90 கேள்விகள் கொண்ட இரண்டு தாள்களை எழுதி அந்த உதவித்தொகைத் தேர்வில் தேறியவள் மூன்று மாதக் கோடை வெயிலில் மக்காகிவிட முடியாது. ஆனால் உன்னிடம் ஒன்று இல்லை. எட்டு ஆண்டு முதல் இடத்தில் இருந்ததால் "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்ல வேண்டிய தேவையே உனக்கு வரவில்லை. 14 பேர் இருந்த வகுப்பில் உன் முகத்தைப் பார்த்தே ஆசிரியர் இன்னொரு முறை சொல்லியிருப்பார். இங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு டீச்சர். மணி அடித்ததும் அவர் அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டும். 62 முகங்களில் உன் முகம் அவருக்குத் தெரியாது. நீ சொன்னால்தான் தெரியும். நீயோ தெரியாததையெல்லாம் மறைத்துக்கொண்டிருக்கிறாய். விடைத்தாளில் வெற்றிடமாக, ஆங்கில வகுப்பில் மௌனமாக, ரேங்க் கார்டில் அம்மாவின் கையெழுத்தாக, பழைய பள்ளியைத் தவிர்த்துப் போகும் சுற்றுப்பாதையாக. நான்கும் ஒரே வேலை.

தெரியாது என்று சொல்வதை எப்படிச் செய்வது என்று உனக்கு ஒருவர் ஏற்கெனவே காட்டியிருக்கிறார். அந்த நாளை ஞாபகப்படுத்திப் பார். உனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவுக்கு முப்பதுக்கு மேல் இருக்கும். பெற்ற மகள் முன்னால் உட்கார்ந்து, "எனக்கு எழுத வராது, நீ சொல்லிக் கொடு" என்று சிலேட்டையோ நோட்டையோ வாங்கியிருக்கிறார். முதல் எழுத்து கோணலாக வந்திருக்கும். நீ சிரித்திருக்கக்கூட வாய்ப்பு உண்டு, சின்னப் பிள்ளைதானே. அம்மா விட்டுவிடவில்லை. ரேஷன் கடையிலும் பேங்கிலும் மை தடவிய விரலை நீட்டிக்கொண்டிருந்தவர் இன்று பேனா பிடிக்கிறார் என்றால், உன் முன்னால் அவர் வெட்கப்படாததுதான் காரணம். அந்தக் கையெழுத்தைத்தான் நீ திருட்டுத்தனமாகப் போட்டிருக்கிறாய். சோறு இறங்காமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. உனக்குள் நேர்மை உறுத்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் அதைச் சரிசெய். இன்றிரவு அம்மா வேலையெல்லாம் முடித்து உட்கார்ந்த பிறகு சொல்: "அம்மா, காலாண்டில் கணக்கில் 31 வாங்கினேன். கார்டில் உன் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன். தப்புச் செய்துவிட்டேன்." இந்த மூன்று வாக்கியங்களை முதலில் சொல். டீச்சர் இப்படி, வகுப்பு அப்படி என்பதெல்லாம் பிறகு. அம்மா கத்தலாம், அழலாம், இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். உன்னைவிட அவருக்குத்தான் இது வலிக்கும், அந்தக் கையெழுத்து அவர் சம்பாதித்தது. அவர் கோபம் தீரும்வரை பொறுத்துக்கொள். பிறகு, வகுப்பாசிரியரிடம் நடந்ததைச் சொல்லி, கார்டை வாங்கி வந்து அம்மாவையே கையெழுத்துப் போடச் சொல். வகுப்பாசிரியரிடம் தனியாகப் போகப் பயமாக இருந்தால் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போ. ஒரு நாள் கூலி போனாலும் வருவார். இத்தனை ஆண்டுகளில், தானாக வந்து சொன்ன பிள்ளையைப் பள்ளியில் கடுமையாகத் தண்டித்து நான் பார்த்ததில்லை. பிடிபட்ட பிள்ளையின் கதை வேறு.

அடுத்து கணக்கு டீச்சர். 62 பேர் நடுவில் எழுந்து நின்று சந்தேகம் கேள் என்று இப்போதே சொல்ல மாட்டேன், அது இரண்டாவது படி. முதலில் இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போ. வெறுங்கையோடு போய் "புரியவில்லை டீச்சர்" என்று மட்டும் சொல்லாதே. அப்படிச் சொன்னால் எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்கும் தெரியாது, "வகுப்பில் கவனி" என்று அனுப்பிவிடுவார். நோட்டைக் கொண்டு போய் விரலை வைத்துக் காட்டு: "டீச்சர், இந்த வரி வரைக்கும் புரிகிறது. அடுத்த வரி எப்படி வந்தது என்று தெரியவில்லை." இப்படிக் கேட்கிற பிள்ளையை எந்த ஆசிரியருக்கும் பிடிக்கும். நான் டீச்சராக இருந்தபோது அப்படிக் கேட்டு வந்த பெண்களின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. வாரத்துக்கு ஒரு வரி போதும்.

பழைய பள்ளி சாரையும் போய்ப் பார். சனிக்கிழமை காலை உன் விடைத்தாளோடு போ. உன்னைத் தேர்வுக்குத் தயார் செய்தவர் அவர். மதிப்பெண் கேட்பார்தான். சொல். சொல்லி முடித்த அடுத்த நிமிடம் அவர் சாக்பீஸை எடுப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படிக்கும் முறைக்கு வருகிறேன். ஐந்து முறை படித்தும் மறந்துவிடுகிறது என்கிறாய். ஐந்து முறை படிப்பதால்தான் மறந்துவிடுகிறது என்று சொன்னால் நம்புவாயா? 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் நன்றாகவே முந்திவிட்டார்கள். மறுபடி மறுபடி வாசிக்கும்போது பாடம் பழகிய முகமாகத் தெரியும். தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். தேர்வில் புத்தகம் எதிரில் இருக்காது, அதுதான் வித்தியாசம். நீ ஒரு முறை கவனமாகப் படி. புத்தகத்தை மூடு. ரஃப் நோட்டில் ஞாபகம் வந்ததை எழுது. விட்டுப்போனதை மட்டும் திறந்து பார். காலை பஸ்ஸில் புத்தகத்தைத் திறக்காமல், நேற்றைய பாடத்தில் என்ன இருந்தது என்று மனதுக்குள் ஓட்டிப் பார். ஜன்னலோரம் கிடைத்தால் நல்லது, நின்றுகொண்டே போனாலும் செய்யலாம்.

இப்படிப் படித்தால் 12 மணி வரை விழிக்க வேண்டியதில்லை. நீ தூங்குவது ஐந்து மணி நேரம். உன் வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும். பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பதே தூக்கத்தில்தான். பருவ வயதில் உடம்பின் கடிகாரமும் தள்ளிப்போகிறது. இரவில் தூக்கம் தாமதமாக வரும், விடியற்காலை எழுவது முன்பைவிடக் கடினமாக இருக்கும். அதைச் சோம்பேறித்தனம் என்று நீயும் நினைக்காதே, வீட்டிலும் யாரும் சொல்லக் கூடாது. ஒன்பதரைக்கு விளக்கை அணை. காலை வீட்டு வேலையில் எதை அம்மா எடுத்துக்கொள்ள முடியும், எதை முந்தின மாலையே முடிக்கலாம் என்று இருவரும் பேசி, எழுவதை ஐந்தரைக்குத் தள்ளப் பாருங்கள்.

தலைசுற்றலைச் சாதாரணமாக விடாதே. முதல்வரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. காலை ஐந்து மணியிலிருந்து மதியம் வரை வெறும் வயிற்றோடு இருப்பவளுக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்? பழைய சோறும் மோரும் போதும், ஐந்து நிமிடம் ஆகாது. அதுவும் முடியாவிட்டால் கேழ்வரகுக் கூழை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போய்ப் பள்ளி வாசலில் குடி. மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு, முட்டையோடு. டவுன் பள்ளிக்கு வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு முட்டையை இழக்கும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீ அப்படிச் செய்யாதே. பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பையில் போடுகிறாயா? பல பெண்கள் போடுகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பிட்ட பிறகு போடு. மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே, அது அந்த மாத்திரையின் இயல்பு. டீயோடு சேர்த்து விழுங்காதே. டீ இரும்புச்சத்தைச் சேரவிடாது. ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் நர்ஸ் அக்கா என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார். மாதவிடாய் நாள்களில் உதிரப்போக்கு அதிகமாக இருந்தால் அதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடு.

'ஐஸ்லாண்ட்' விஷயம். எழுத்தில் இருந்ததை நீ ஒழுங்காக வாசித்திருக்கிறாய். உண்மையில் அந்த எஸ் அங்கே இருக்கவே கூடாது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லில் எஸ் கிடையாது. லத்தீன் வழியாக வந்த வேறொரு சொல்லுக்கு உறவு என்று தவறாக நினைத்து, 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலேயர்களே அதை உள்ளே செருகிவிட்டார்கள். எழுத்து வந்தது, ஒலி வரவில்லை. இதைச் சிரித்தவர்களிடம் போய் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். உனக்குத் தெரிந்திருந்தால் போதும். அடுத்து வாசிக்கச் சொல்லும்போது ஒரு பத்தியாவது வாசி. சந்தேகமான சொல்லில் நின்று, "டீச்சர், இதை எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று கேள். பட்டப்பெயர் நீ தலைகுனியும்வரைதான் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மாதத்தில் வேறொருத்திக்கு வேறொரு பெயர் கிடைத்துவிடும். அப்போது நீ சிரிக்காமல் இரு.

தோழியைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல என்னால் முடியாது. 14 வயதில் நட்புகள் இடம் மாறுகின்றன. ஒரே தெரு, ஒரே வகுப்பு என்பதால் கூடிய நட்பு, தெரிந்தெடுக்கும் வாய்ப்பு வந்ததும் அசைந்துகொடுக்கும். அவளும் உன்னைப் போலவே 14 பேர் வகுப்பிலிருந்து வந்தவள். அந்தச் சிரிப்பில் சேராவிட்டால் தன்னையும் ஒதுக்கிவிடுவார்களோ என்று அவள் பயந்திருக்கலாம். அதனால் அவள் செய்தது சரியாகிவிடாது. இருவரும் ஒரே பஸ்ஸில்தானே திரும்பி வருகிறீர்கள்? மற்றவர்கள் இறங்கிய பிறகு, "நீ சிரித்ததுதான் எனக்கு ரொம்ப வலித்தது" என்று ஒரு முறை சொல். குற்றம் சாட்டாமல், அழாமல் முடிந்தால் நல்லது, அழுதாலும் பாதகமில்லை. பிறகு அவள் என்ன செய்கிறாள் என்று பார். திரும்பி வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால் உனக்கு வலிக்கும், நாளாகும். இதற்கிடையில் மதியம் தனியாக உட்காராதே. உன் வகுப்பில் இன்னொரு கிராமத்திலிருந்து வந்து, ஓரமாக உட்கார்ந்து, வாய் திறக்காத இன்னொருத்தி கட்டாயம் இருப்பாள். அவள் பக்கத்தில் போய் டிபன் பாக்ஸைத் திற.

உதவித்தொகை காலாண்டுத் தேர்வால் நிற்காது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்பு ஆண்டு இறுதியில் முதல் முயற்சியிலேயே தேறி பத்துக்குப் போக வேண்டும். எட்டு வரை இருந்த கட்டாயத் தேர்ச்சி இங்கே இல்லை, அதனால் கணக்கைச் சரிசெய்வது அவசியம்தான். ஆனால் அதற்கு நாள் இருக்கிறது.

தையல் நல்ல தொழில். என் அம்மா தைத்துத்தான் எங்களை வளர்த்தார். விரும்பிக் கற்றுக்கொள்வதானால் கோடை விடுமுறையில் கற்றுக்கொள், கூடவே நிற்கும். ஆனால் 31 மதிப்பெண்ணுக்குப் பயந்து தையல் மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளாதே. இன்னொன்றையும் கணக்கில் வைத்துக்கொள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு, படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் வருகிறது. உன் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆண்டுகளும் அதில் சேரும். ஒன்பதில் நின்றுவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். நான் பணிசெய்த ஊர்களில் பெண்கள் அதிகம் நின்றுபோனது எட்டிலிருந்து ஒன்பதுக்கு மாறும் இந்த இடத்தில்தான். பஸ், தூரம், வயதுக்கு வந்த பெண் என்ற பேச்சு, முதல் தேர்வின் அடி எல்லாம் ஒன்றாகச் சேரும் இடம் இது. நீ அந்த இடத்தைக் கடந்துகொண்டிருக்கிறாய்.

இதைப் படிக்கும் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். மதிப்பெண்ணை உரக்க வாசித்துத் தாளைக் கொடுக்காதீர்கள். நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். கடைசியில் பெயர் வரும் பிள்ளை அதற்குப் பிறகு கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறது. ஜூன், ஜூலையில் எந்தப் பிள்ளைகள் நடுநிலைப் பள்ளியிலிருந்து புதிதாக வந்தவர்கள் என்று ஒரு பட்டியல் எடுத்து, ஆறாம் வகுப்புக் கணக்கு ஐந்து கொடுத்துப் பாருங்கள். யாருக்கு எங்கே ஓட்டை என்று ஒரு பீரியடில் தெரிந்துவிடும்.

மகளே, அரையாண்டுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. கணக்குத் தேர்வில் ஒரு கேள்வியையும் எழுதாமல் விடாதே. எழுதியதை அடிக்கவும் வேண்டாம். தெரிந்த வரி வரைக்கும் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போ. வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு. ஜனவரியில் தாள் கைக்கு வந்ததும் நகல் எடுத்து எனக்கு அனுப்பு. மதிப்பெண் இருக்கும் முதல் பக்கத்தை அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. நான்காம் பக்கத்தை அனுப்பு.

அன்புடன்,
உன் ஆலோசகர்